தாமதத்துக்குக் காரணம்

என் அன்பு மகள் சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் வேளைக்குச் சாப்பிட்டு, சாயங்காலம் நடந்து, முழங்காலை மட்டும் திட்டிக்கொண்டு சௌக்கியமாகவே இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவைத் திறந்தேன். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது, அதற்கு மெதுவாக வருகிறேன். முதலில், வாண்டு சேரப்போகும் பள்ளிக்கூடத்தின் விதிப் புத்தகம், நீ போனில் அனுப்பி வைத்தது. போனில் அந்தப் பொடி எழுத்தைப் படிக்க என் கண்ணாடிக்கே இன்னொரு கண்ணாடி வேண்டியிருந்தது. அதனால் முனைக்கடையில் கொடுத்து இருபத்து நான்கு பக்கமும் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் பின் அடித்துக் கொடுக்கும்போது முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, என்ன சார், இந்த வயசுல மறுபடியும் ஒண்ணாங்கிளாஸான்னு கேட்டார். ஆமாம்ப்பா, போன தடவை சரியாப் படிக்கலைன்னு சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று நாள் படித்தேன். நல்ல பள்ளிக்கூடம் என்றுதான் தோன்றுகிறது. பிள்ளைக்கு லீவு வேண்டுமென்றால் காலை ஒன்பதுக்குள் போன் செய்ய வேண்டும், காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகுதான் அனுப்ப வேண்டும், குடை தண்ணீர் பாட்டில் ஸ்வெட்டர் எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும், இதெல்லாம் நியாயம். ஸ்வெட்டரில் உள்பக்கம் கழுத்துப் பட்டையில் நூலால் தைத்துவிடு, பேனாவால் எழுதினால் இரண்டு துவைப்பில் போய்விடும். பெற்றோர் நீலக் கோட்டைத் தாண்டி வகுப்புப் பக்கம் வரக்கூடாது என்று போட்டிருப்பது உனக்காகவே எழுதியது, எட்டி எட்டிப் பார்க்காதே. எனக்கு ரொம்பப் பிடித்தது பதினொன்றாம் பக்கம். வாசலில் பிள்ளையை இறக்கிவிட ஒரு காருக்கு ஒரு நிமிஷம்தான், ஓட்டுகிறவர் இறங்கக்கூடாது, பை மடியில் தயாராக இருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன் சொல்கிறேன், இந்த ஒரு பக்கத்தை எழுதியவர் எங்கள் டிப்போவில் இருந்திருந்தால் நான் பாதி நாள் கத்தாமல் வீட்டுக்கு வந்திருப்பேன்.

போன ஞாயிறு அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போதுதான் நீ வாண்டிடம், அம்மா ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு நாள்கூட லேட்டாப் போனதில்லை தெரியுமா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை சட்டையில ஸ்டார் குத்தி விடுவாங்கன்னு சொன்னாய். அவளும் நம்பமுடியாத குரலில், ஒரு நாள்கூடவான்னு இரண்டு தடவை கேட்டாள். நீ பொய் சொல்லவில்லை, உனக்கு அப்படித்தான் தெரியும். அந்தத் தங்கநிறக் காகித ஸ்டார்களை நீ ஒட்டி வைத்த நோட்டு இன்னும் இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. பசை காய்ந்து பாதி ஸ்டார் உதிர்ந்துவிட்டது, உதிர்ந்ததையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

உனக்கு நம் பழைய வீட்டுக் காலை நேரம் எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நான் விடியும் முன்னே டிப்போவுக்குப் போய்விடுவேன், முதல் பஸ்ஸை வெளியே அனுப்பும் கையெழுத்து என்னுடையது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் ஆறு மணி ஷிப்ட். போகிற அவசரத்தில் சாப்பாட்டை இரண்டு டப்பாவில் கட்டி வைத்து, உங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் ஈரக்கையை வைத்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் பெரியவள் உன் அக்காதான், ஐந்தாம் வகுப்பு. உன்னைக் கிளப்புவது லேசான வேலையா? சட்டைப் பித்தானை மேலிருந்து கீழே போட்டுவிட்டுத் திருப்தி இல்லாமல் கீழிருந்து மேலே மறுபடி போடுவாய். ஒரு ஷூ மாட்டியதும் ஜன்னல் ஓரம் போய் நின்றுவிடுவாய், எதிர்வீட்டு மாடியில் புறா வந்ததா என்று பார்க்க. பத்து நிமிஷ நடை, நீ நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். அந்தக் காலைகளை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, எல்லாம் உங்கள் அம்மா சொல்லியும் அக்கா சொல்லியும் கேட்டது. ஊருக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்தவனுக்குத் தன் வீட்டுக் காலை கிடைக்கவில்லை, இப்போது அதை நினைத்து ஏங்குகிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் விதி உண்டு, அச்சடித்த புத்தகம்தான் கிடையாது. எட்டு நாற்பதுக்கு மணி, எட்டு ஐம்பதுக்குப் பெரிய கேட் மூடிவிடும். அதற்குப் பிறகு வருகிற பிள்ளைகளைக் கேட்காரர் சின்னக் கதவு வழியாக உள்ளே விட்டு ஆபீஸ் ஜன்னல் வரை கூட்டிப் போவார். அங்கே ஸ்டூலின் மேல் லேட் நோட்டு, நூலில் கட்டிய பென்சில். அவரவர் பெயரை அவரவரே எழுத வேண்டும், எழுதத் தெரியாத ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மட்டும் கூட வந்த அண்ணனோ அக்காவோ எழுதலாம். மாசக் கடைசியில் கணக்குப் பார்த்து, மூன்று தடவைக்கு மேல் பெயர் இருந்தால் அப்பாவோ அம்மாவோ பெரிய டீச்சரை வந்து பார்க்க வேண்டும். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளின் ஸ்டார் பட்டியலும் அந்த நோட்டைப் பார்த்துத்தான். ஐந்தாம் வகுப்பில் போன மாசம் லேட்டே இல்லாத ஒருவருக்கு இந்த மாசம் மணி அடிக்கும் வேலை. அந்த வேலைக்கு உன் அக்கா எப்படி ஆசைப்பட்டாள் தெரியுமா? அடுப்படியில் தட்டைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் அடித்துப் பழகுவாள், உங்கள் அம்மா தலைவலி என்று கத்துவாள்.

ஒரு நாள் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். டிப்போ சட்டையோடு போய் நின்றேன். நோட்டைத் திருப்பிக் காட்டினார், ஒரே மாசத்தில் பதினொரு இடத்தில் பெரியவள் பெயர், குண்டு குண்டாக அவள் கையெழுத்து. உன் பெயர் ஒன்றுகூட இல்லை. சின்னவ ஒழுங்கா வந்துடுறா, பெரியவதான் எங்கயோ சுத்திட்டு வர்றான்னு டீச்சர் சொன்னார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டைம்கீப்பர் பெண் லேட் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? சாயங்காலம் வந்து அவளை நிற்க வைத்து முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப் பேசினேன். டிப்போவில் லேட்டாக வண்டி எடுக்கிற டிரைவரிடம் வாங்குவது மாதிரி ஒரு தாளைக் கொடுத்து, தாமதத்துக்குக் காரணம் எழுது என்றேன். எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், தேதியும் போட்டாள். மணி அடிக்கும் வேலை வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை, தலைவலி போச்சு என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வருஷ முடிவில் ரிசல்ட் வாங்கப் போனபோது கேட்காரர்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சார், கோவிச்சுக்காதீங்க, லேட்டா வந்தது ரெண்டு பாப்பாவும்தான், பெரிய பாப்பா தன் பேரை எழுதிட்டுப் பென்சிலை வச்சிடும், தங்கச்சி பேரை எழுதவே எழுதாது, நானும் கண்டுக்காம விட்டுட்டேன்னு சொன்னார். வீட்டுக்கு வரும் வழியில் பெரியவளிடம் கேட்டேன், ஏம்மா சொல்லலைன்னு. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, அவளுக்கு ஸ்டார்னா உசுருப்பா, எனக்கு மணி இல்லாட்டிப் பரவால்லைன்னாள். அன்றைக்கே நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ சட்டையில் கடைசி ஸ்டாரோடு எங்களுக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனாய், சொல்ல மனசு வரவில்லை.

இப்போது நான் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். விதிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம், பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள் என்று மூன்று வரி. முதல் வரி நீ, இரண்டாவது மாப்பிள்ளை. மூன்றாவது ஆள் பிள்ளைக்குத் தெரிந்தவராக, அரை மணிக்குள் வந்துசேரக் கூடியவராக இருக்க வேண்டுமாம். கீழ்வீட்டு அம்மா பேரைப் போட்டுடலாமாப்பான்னு என்னைக் கேட்டாய். அந்த அம்மா நல்லவராகவே இருக்கட்டும். உன் அக்கா அதே ஊரில் இருபது நிமிஷ தூரத்தில் இருக்கிறாள். ஆறு வருஷமாக நீ அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை, உன் மகள் தன் பெரியம்மாவைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளை நீ மறக்கவில்லை, மறக்கவும் முடியாது. உனக்கு அப்போது எட்டாவது மாசம், படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று உன் டாக்டர் சொல்லியிருந்த நேரம். அக்கா ஆபீஸ் ட்ரெய்னிங் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இங்கே பறந்து வந்தாள். அம்மாவுக்குத் தொண்டை சரியில்லை, பேச முடியாது என்று நான் போனில் உன்னிடம் சொன்னேன். அம்மா போய், காரியமெல்லாம் முடிந்து, உனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் உனக்குத் தெரிந்தது. என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு முடிவு பண்ணது யாருன்னு நீ போனில் கதறினாய். இன்னும் இங்கேயே இருந்த உன் அக்கா போனை வாங்கி, நான்தான் என்றாள். அப்பா பாவம், அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டார் என்று நீ நம்பினாய்.

அந்த நேரம் நான் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், மகளே. முடிவு பண்ணியது நான். வந்துடு, ஆனா சின்னவகிட்ட மூச்சு விடாதேன்னு அவளிடம் சொன்னதும் நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் எத்தனை தடவை அழுதாள் தெரியுமா? ஒரு போன் மட்டும் போட்டுக் குடுத்துடுறேன்ப்பா, அம்மா குரலையாவது கேக்கட்டும்ப்பான்னு கெஞ்சினாள். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றதுன்னு நான் அடக்கினேன். உங்கள் அம்மாவும் வாசலைப் பார்த்துப் பார்த்து, சின்னவ வரலையான்னு கேட்டாள். கடைசி இரண்டு நாள் அதையும் கேட்கவில்லை. அந்த டாக்டர் சொன்னதற்குப் பயந்து நான் செய்தது சரியோ தப்போ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு இருந்தது தப்பு, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் இரண்டு தடவை கிளம்பினேன், இரண்டு தடவையும் உன் அக்காதான் தடுத்தாள். வேண்டாம்ப்பா, அவ என்மேல கோபமா இருந்துட்டுப் போகட்டும், உங்க மேல கோபம் வந்து போன் பண்றதை நிறுத்திட்டா நீங்க அங்க தனியா என்ன செய்வீங்கன்னு கேட்டாள். நானும் சரியென்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் குரல் கேட்க வேண்டும் என்ற ஆசையில், என் மூத்த பெண்ணுக்குத் தங்கை இல்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ ஸ்டார் கதையைச் சொன்னபோதுதான் இனியும் மூடி வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். சின்ன வயசில் அவள் எழுதாமல் விட்டது உன் பெயரை, பெரியவளான பிறகு எழுதாமல் விட்டது என் பெயரை. இரண்டு தடவையும் நோட்டில் அவள் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

இதைப் படித்ததும் உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் போன் செய்யாமல் இரு, நான் காத்திருப்பேன். ஆனால் அக்காவுக்கு ஒரு போன் போடு. நான் எழுதினேன் என்று அவளிடம் சொல், என்னைத் திட்டுவாள், இருவரும் சேர்ந்தே திட்டுங்கள். அந்த மூன்று வரித் தாளைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, கடிதம் வந்துசேர இரண்டு வாரம் என்று தபால் ஆபீஸில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிள்ளைக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறதல்லவா, மூன்று வாரம் அதற்குப் போதும். வாண்டுக்குக் காலையில் சாப்பிடாமல் போகும் பழக்கம் வேண்டாம். மாப்பிள்ளையை முதுகுவலிக்கு டாக்டரிடம் காட்டச் சொல். நீ உடம்பைப் பார்த்துக்கொள். நீயும் உன் வீடும் உன் மகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், இது உன் அம்மாவும் சேர்ந்து சொல்வதாக வைத்துக்கொள்.

இதோடு ஒரு பழைய தாள் வைத்திருக்கிறேன், உன் அக்கா அன்றைக்கு எழுதிக் கொடுத்த விளக்கம். டிப்போ வழக்கத்தில் அதையும் கோப்பில் போட்டு வைத்திருந்தேன். தாமதத்துக்குக் காரணம்: நான் மெதுவாக நடந்தேன் என்று எழுதியிருக்கிறாள். வாண்டுக்கு வாசிக்கத் தெரிந்ததும் காட்டு. விளக்கம் இரண்டு வரிக்கு மேல் போகக்கூடாது என்று டிரைவர்களிடம் கண்டிப்பாக இருந்தவன் நான், எனக்கு இத்தனை பக்கம் ஆகிவிட்டது. அதனால் என்னுடையதையும் சுருக்கமாகக் கீழே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

தாமதம்: ஆறு வருஷம்.
காரணம்: பயம்.

இப்படிக்கு,
உன் அப்பா