சுவரில் மாட்டிய புதுச் சான்றிதழ்

டாக்டரம்மா,

குடோனை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஹெட்போன் கையில் அகப்பட்டது. காதில் வைக்கும் பஞ்சு தொட்டதுமே கறுப்புத் தூளாக உதிர்ந்தது. அறுந்த வொயரில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. வொயருக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் ஓசூரில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் கிளினிக்கிலிருந்து பழைய கம்ப்யூட்டரோடு திரும்பி வந்த சரக்கு அது. எடைக்குப் போட மனம் வரவில்லை.

பெங்களூர் ஆபீஸ்கள் கழித்துவிடும் கம்ப்யூட்டர்களை அத்திப்பள்ளி எல்லை தாண்டிக் கொண்டுவந்து, துடைத்து விற்பதுதான் அப்போது என் பிழைப்பு. வாங்க வருகிறவர்கள் பிள்ளைகளுக்கென்று கேட்பார்கள். நீங்கள் மட்டும், "எனக்குத்தாங்க. படிக்கணும்" என்றீர்கள். ஐம்பது தாண்டிய டாக்டருக்கு இனி என்ன படிப்பு என்று கேட்டேன்.

"நான் காலேஜ்ல படிச்ச வைத்தியத்துல பாதி மாறிப்போச்சுங்க. வெளியூர் மீட்டிங்குக்குப் போனா கிளினிக்கப் பூட்டணும். இப்ப நெட்லயே பாடம் நடத்துறாங்களாம்."

பிராட்பேண்ட் வந்த புதிது. மதியம் கூட்டம் ஓய்ந்ததும் உட்காருவீர்கள். திரையில் பேசிக்கொண்டிருக்கும் பேராசிரியர் திறந்த வாய் மூடாமல் அப்படியே நின்றுவிடுவார். உடனே எனக்கு போன் வரும். "வாத்தியார் மறுபடியும் கொட்டாவி விடுறாரு. வந்து வாய மூடி விடுங்க."

சர்க்கரை நோய்ப் பாடத்தை முடித்து, பரீட்சையும் எழுதித் தேறினீர்கள். சான்றிதழ் என் கடை பிரிண்டரில்தான் வந்தது. மாட்டச் சொன்னவனும் நான்தான். கடைக்காரன் புத்தி, இருக்கிற சரக்கை வெளியில் தொங்கவிட வேண்டும். மூலையில் மங்கிக் கிடந்த உங்கள் பழைய பட்டத்துக்கு மேலே, தங்க நிறச் சட்டத்தில் அது ஏறியது. தேறிய வருடம் அதில் பெரிய எண்ணில் பளிச்சென்று தெரிந்தது.

அதற்குப் பிறகு கூட்டம் குறைந்தது. காரணம் டீக்கடையில் காதில் விழுந்தது. "அந்தம்மா இப்பதான் பாஸ் பண்ணியிருக்காங்களாம். வருசம் போட்டு மாட்டிக்கினு இருக்காங்க, போய்ப் பாரு. அப்ப இத்தன வருசமா நமக்கு ஊசி போட்டதெல்லாம் படிச்சு முடிக்காமயேதானா?"

குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வந்தேன். "அதக் கழட்டிருங்கம்மா. புதுத் தேதி பிஸ்கட்டுக்குத்தான் நல்லது. டாக்டருக்குப் பழைய தேதிதான் மதிப்பு."

சிரித்தீர்கள். ஆனால் பார்வை வெளியே காலியாகக் கிடந்த பெஞ்சில் இருந்தது. இருபது வருடமாகக் கட்டி வளர்த்த கிளினிக். "கழட்டினா அவங்க சொல்றது நெசம்னு ஆயிரும்ங்க. அப்புறம் படிக்கறதக்கூட ஒளிஞ்சுதான் படிக்கணும்."

அந்த நேரம் பார்த்து லேத் பட்டறை போர்மேன் ஒருவர் உள்ளே வந்தார். "மாத்திரை மட்டும் எழுதிக் குடுங்கம்மா, ஷிப்டுக்கு நேரமாச்சு."

"ஷூவக் கழட்டுங்க."

"சுகரு ரத்தத்துலதானம்மா? கால்ல என்ன இருக்குது?" என்றவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "இது புதுசாப் பாஸ் பண்ணின பாடமா?"

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. உங்கள் முகம் மாறவில்லை.

"ஆமா. உங்க கம்பெனியில புது மெஷின் எறக்கினா என்ன பண்ணுவாங்க?"

"டிரெய்னிங் குடுப்பாங்க."

"யாருக்கு? வேலை தெரியாதவனுக்கா?"

"அவனுக்கு எதுக்கு? எனக்குத்தான் மொதல்ல. நான்தான் அங்க சீனியரு." சொன்னவர் மறுபடி சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து லேஸை அவிழ்த்தார்.

சாக்ஸ் ஈரமாக இருந்தது. லேத்தில் உதிரும் இரும்புச் சுருள் ஒன்று அதற்குள் புகுந்து, கட்டைவிரலுக்கு அடியில் புண்ணாக்கியிருந்தது. அவருக்குத் தெரியவே இல்லை. "வலியே இல்லீங்கம்மா" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. "அதாங்க வியாதி" என்றீர்கள். தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் வைத்து, கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி என்று திட்டிக்கொண்டே கழுவினீர்கள்.

புண் ஆற நாளானது, விரல் பிழைத்தது. பிறகு அவருடைய ஷிப்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், காய்ச்சலுக்கு வந்தவர்கள்கூட. பழைய குடும்பங்களில் சில திரும்பி வரவே இல்லை. ஒருமுறை அவர்களில் ஒரு பெண் உங்களைக் கண்டதும் சாலையின் மறுபக்கம் போனாள். நீங்கள் குரலை உயர்த்தி அவள் குழந்தையின் இருமலை விசாரித்தீர்கள். அடுத்தடுத்த வருடச் சான்றிதழ்களும் அதே சுவரில் ஏறின.

பழைய கம்ப்யூட்டர் வியாபாரம் படுத்துவிட்டதம்மா. இப்போது கேமரா, சோலார் என்று போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியாத சரக்கு. நெட்டில் பாடம் கேட்டுத்தான் பழகுகிறேன். கடைப் பையன்களுக்கு வெட்கமாக இருக்கிறது. "மொதலாளி, உள் ரூம்ல உக்காந்து பாருங்க. கஸ்டமர் பாத்தா என்ன நெனப்பாங்க?" என்கிறார்கள்.

கல்லாவில்தான் உட்காருகிறேன். நேற்று சோலார் பேனல் விசாரிக்க வந்த ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, "என்னண்ணா, நீங்களே இப்பதான் கத்துக்கறீங்களா?" என்றார்.

"ஆமாங்க. இந்தப் பாடம் முடிச்சிட்டுத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும்."

சிரித்துக்கொண்டே எதிர்க் கடைக்குப் போனார். நான் பாடத்தை விட்ட இடத்திலிருந்து ஓட விட்டேன்.