கார்டில் எழுதின வயசு

பாலசமுத்திரம்
2-7-2003

அன்பு மகள் சிவசங்கரிக்கு நைனா ரங்கையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம், கறவை மாடு சினையாக இருக்கிறது, மழைதான் இன்னும் வரவில்லை. மஸ்கட் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க வேணுகோபால சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

அம்மாவுக்குப் பல் செட் கட்டியாயிற்று என்றதும் போனில் அவ்வளவு சந்தோஷப்பட்டாயே, மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாசம் கார்வேட்டிநகரத்தில் இலவசப் பல் கேம்ப் போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொத்தையை அடைத்தார்கள், அறுபது தாண்டினவர்களுக்குப் பல் கட்ட அளவெடுத்தார்கள், நடுவில் இருக்கிறவர்களுக்குப் பிடுங்குவது மட்டும்தான். உழைக்கிற வயசில் வாய் வேண்டாமா, என்ன நியாயம் இது? அம்மாவுக்கு வலி வந்தபோதெல்லாம் இப்படிப் பிடுங்கிப் பிடுங்கித்தானே வாய் காலியானது. அவளுக்கு இப்போதும் ஐம்பத்தொன்றுதான். ஆனால் எட்டு வருஷத்துக்கு முன் ரேஷன் கார்டு எழுத வந்தவர் யாரிடமும் வயசு கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தே போட்டார். ஒட்டின கன்னத்தைப் பார்த்து அம்மாவுக்குப் பத்து வயசு கூட்டிவிட்டார். பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாவுக்கு அப்போது பல்லெல்லாம் வரிசையாக இருந்ததால் பதினைந்து குறைத்துவிட்டார். இப்போது அவளுக்கு நிஜத்தில் எழுபது, கார்டில் ஐம்பத்தைந்து, வாயில் ஒரு பல் இல்லை. கேம்பில் கார்டைத்தான் பார்த்தார்கள். அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு அம்மாவை உட்கார வைத்தார்கள். நானும் பேசாமல்தான் நின்றேன், அது தப்பு.

செட் வந்த அன்றைக்கே அம்மா அதைக் கழற்றிக் கழுவி, "நீ போட்டுக்கினு துன்னுக்கா" என்று சுந்தரம்மாவிடம் கொடுத்துவிட்டாள், பைத்தியக்காரி. ஒருத்தி வாய்க்கு அளவெடுத்தது இன்னொருத்திக்குப் பொருந்துமா? அந்தப் புண்ணியவதி இவள் மனசு நோகுமே என்று மூன்று நாள் போட்டுக்கொண்டு, ஈறெல்லாம் புண்ணான பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். சரி, கார்டில் வயசையாவது திருத்தலாம் என்று அவளை மண்டல ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பல் இருந்தால் குத்துமதிப்பாக வயசு சொல்லலாம், இதில் எதைப் பார்த்து எழுதுவது என்று தெலுங்கில் கேட்டாள். "பல்லு இருந்தா நான் இன்னாத்துக்குமா இங்க வரேன்" என்றாள் சுந்தரம்மா. அந்தப் பெண் பாவம், சர்டிபிகேட் எழுதாமலே அனுப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா செட்டைப் போடுவதில்லை. சுந்தரம்மாவோடு உட்கார்ந்து களியைக் கரைத்துக் குடிக்கிறாள். கேட்டால், "அவளுக்குச் சேர வேண்டியத வாயில வச்சிக்கினு அவ எதுர்ல எப்பிடி துன்றது" என்கிறாள். நீ சொன்னால் கேட்பாள் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இவ்வளவும் எழுதின பிறகு எனக்கே மனசு வரவில்லை. போட்டுக்கொள் என்று அவளுக்கு எழுதாதே.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றாயே, தையல் கம்பெனியில் லீவு கேட்டு அங்கேயே அடைத்துக்கொண்டு வா. மறந்துவிடாதே. உனக்கு இருபத்தெட்டு வயசு, இங்கே வந்தால் பிடுங்கிவிடுவார்கள்.

உன் நைனா,
ரங்கையா