ஆனைக்கொய்யாவில் மூன்று கரண்டி சீனி

யூலை 8, செவ்வாய்

கச்சான் காற்று. கடல் மணலும் துறைமுக லொறிகளின் புழுதியும். முற்றம் இரண்டு தரம் கூட்டியாயிற்று.

மேலறையை வாடகைக்கு எடுத்த வெள்ளைக்காரச் சோடிக்கு நாளை பின்னேரம் குவாக்கமோலி வேண்டுமாம். அதுகள் அவகாடோ என்கிற ஆனைக்கொய்யாவை மசித்து, உறைப்பும் புளியுமாகச் செய்வது. எனக்குக் கைவந்தது. போன வருடம் அதே அறையில் நின்ற பிரெஞ்சுக்காரி சொல்லித் தந்தாள். தம்பி அப்போது கொழும்பில்.

தம்பி என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெண்சாதியிடம் சொன்னான். சுகந்தி, கிளிவெட்டிப் பெட்டை, கலியாணம் முடித்து நாலு மாதம். நாளைக்குச் சரிவந்தால் குசினி முழுக்க அவள் பொறுப்பாம்.

"நீங்கள் இனி ஆறி இருங்கோ அக்கா. எவ்வளவு காலம் அடுப்படியிலை நிப்பீங்கள்?" என்றான்.

எனக்கு நாற்பத்து நாலு. புருசன் இல்லை, வேலை இல்லை. இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்தக் குசினி ஒன்றுதான். ஆறி இருக்கட்டாம். ஆறின சோற்றை எங்கே கொட்டுவார்கள் என்று தெரியாதா?

வாங்க: ஆனைக்கொய்யா 4, தேசிக்காய், பப்படம், சவர்க்காரம்.

யூலை 9, புதன்

இடுப்பு உளைவு. காலையில் கரண்ட் இல்லை.

சு. மெல்ல வந்து கேட்டாள், எப்படிச் செய்வதென்று. போனில் தேடலாமாம், ஆனால் மச்சாள் என்னைக் கேட்டால் பிழை வராதாம்.

உங்கள் வீட்டில் ஆனைக்கொய்யாவை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். சீனி போட்டு, டின்பால் விட்டு. ஊர் முழுக்க அப்படித்தானே, நாங்களும். அதேதான், மேலே கொஞ்சம் வெங்காயம் வெட்டிப் போடும், வெள்ளைக்காரருக்குப் பிடிக்கும் என்றேன். முகம் மாறாமல் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

இரண்டு பழம் மசித்தாள். சீனி மூன்று கரண்டி. டின்பால். வெங்காயம். கரண்டியை என்னிடம் நீட்டினாள். வாயில் வைத்தேன். புரட்டிக்கொண்டு வந்தது. விழுங்கினேன்.

"நல்லா இருக்கு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

5.30. வெள்ளைக்காரி பப்படத்தால் அள்ளி ஒரு வாய். உடனே கடதாசியில் துப்பினாள். புருசன் விழுந்து விழுந்து சிரித்து, போனில் படம் எடுத்தான். தம்பி கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்து, முழுவதையும் நீயே தின் என்று சு.விடம் நீட்டினான். தின்றாள். பாதியில் நிறுத்தி, மச்சாள் ருசி பார்த்துத்தான் சொன்னவ என்றாள். தம்பி என்னைப் பார்த்தான்.

"நான் வாயிலையும் வைக்கேல்லை."

அக்கா மேலேயே பழி போடுகிறாயோ என்று மிச்சத்தையும் தின்ன வைத்தான். நான் கிணற்றடிப் பக்கம் போகவில்லை. அவள் அங்கே ஓங்காளித்துச் சத்தி எடுத்தது குசினிக்குக் கேட்டது.

உடம்பு லேசாக இருக்கிறது. பொய் எழுதுவானேன்.

யூலை 10, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. சு.வின் கண் வீங்கிப்போய். என்னோடு கதையில்லை.

தம்பி வந்து கெஞ்சினான். அதுகள் இன்டர்நெட்டில் எங்கள் அறையைப் பற்றிக் கூடாமல் எழுதிப்போடும் அக்கா, ஏதும் செய்ய ஏலுமோ என்று. ஏலும் என்றேன்.

மிச்சம் இரண்டு பழம், தேசிக்காய்ப் புளி, உப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி இலை. பத்து நிமிட வேலை. வெங்காயம் உரிக்க சு.வைக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்று பார்க்கட்டும் என்றுதான்.

கோப்பையை வழித்துத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் குசினிக்கே வந்தார்கள். வெள்ளைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்கு வாயெல்லாம் பல்லு. எங்கே பழகினீர்கள் அக்கா என்றான். எனக்கும் தலை கால் தெரியவில்லை. போன வருடம் நின்ற பிரெஞ்சுக்காரி பழக்கினவ என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும்.

தம்பியின் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது. சு. வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினாள். நிமிரவேயில்லை.

"அப்ப நேற்று உங்களுக்குத் தெரியும்."

விருந்தாளிகளுக்கு முன்னால் கேட்டான். நல்ல காலம், அதுகளுக்குத் தமிழ் விளங்காது.

யூலை 11, வெள்ளி

தலையிடி. கோயிலுக்குப் போகவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குசினி அலுமாரிப் பூட்டின் திறப்பு இப்போது சு.விடம். என்னை ஒரு ஏச்சும் ஏசவில்லை தம்பி. அவளிடம் மன்னிப்புக் கேட்டானோ தெரியாது. கேட்டிருக்க மாட்டான். என் தம்பி அல்லவா.

மத்தியானம் என் சாப்பாடு தட்டில் போட்டு மூடி, அறை வாசல் கதிரையில். மேலறைக்காரருக்கு வைப்பது போல. பயற்றங்காய்க் கறி, பூசணி, சொதி. பிழை பிடிக்கத்தான் சாப்பிட்டேன். உப்பு, உறைப்பு எல்லாம் அளவு. சொதி என்னுடையதைவிட நல்லது. அது நாலு மாதமாகவே எனக்குத் தெரியும்.

தட்டைக் கழுவப் போனேன். சு. குசினி வாசலுக்கு வந்து, என் கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். பணிவாகத்தான்.

"நீங்கள் உள்ளுக்கை வரத் தேவையில்லை மச்சாள்."