பெட்டிக்குக் காத்திருக்கத் தெரியாது

ஜனவரி 6, பிரிக்காமா

காலையில் என் கோரா யாழுக்கு இரண்டு தந்தி மாற்றினேன். மீன்பிடிக் கடையில் வாங்கிய நைலான், போன தடவையைவிட முரடு. சுருதி கூட்டிவிட்டு, கை பழகட்டும் என்று தினசரி வாசிக்கிற பாட்டையே எடுத்தேன். மூன்றாவது சுற்றில் இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. நான் மடக்கவில்லை. நிமிர்த்தினேன். மறுபடி மடங்கியது.

கோராவைக் கீழே வைத்துவிட்டால் விரல் தங்கமாக நடந்துகொள்கிறது. பொத்தான் போடுகிறது, வாளி தூக்குகிறது, சோற்றை உருட்டுகிறது. கோராவைத் தொட்டால் மட்டும் இந்தக் கூத்து. மழைக்காலம் முடிந்ததிலிருந்தே இருக்கிறது, இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் தந்தி முரடு என்கிறேன்.

ஜனவரி 11

மலாங் தேநீர் போட வந்தான். குழுவில் பாடுகிற என் மனைவி தபாராவின் தம்பி, கடற்கரை ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். போன வருஷம் எங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான். எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: "உன் நாலு தந்திக்கும் என் இடது கட்டைவிரல் ஒண்ணே பதில் சொல்லும்டா." ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

"என்ன மச்சான், கல்யாண சீசன்ல கோராவைத் துணி போட்டு மூடி வச்சிருக்க? கட்டைவிரல் மகாராஜா சௌக்கியமா?"

கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். "தந்தி மாத்தணும்" என்றேன். மாற்றிய தந்திகள் துணி விலகிய இடத்தில் அவன் கண்ணெதிரே பளபளவென்று இருந்தன. அவன் நுரையை ஆற்றிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 17

தலைநகர் பஞ்சுல் போய் டாக்டரைப் பார்த்தேன். தபாராவிடம் ஒலிபெருக்கி வாங்கப் போவதாகச் சொன்னேன். விரலில் ஒன்றுமில்லையாம். மூளை விரலுக்கு அனுப்புகிற உத்தரவு குழம்பிவிட்டதாம், ஆண்டுக்கணக்கில் ஒரே வேலை செய்கிறவர்களுக்கு வருமாம். மாத்திரை இல்லை. பிறகு கேட்டார்: "வேற தொழில் ஏதாவது தெரியுமா?"

பாணர் வீட்டில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குக் கொல்லன் வேலை தெரியாது, கடை வைக்கத் தெரியாது. அடுத்தவர் வம்சத்தை வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். கோராவுக்கு மைக் பொருத்தி, டிரம் மெஷினோடு ரேடியோவில் வந்தவன் நான். 'குலத்துக் கோராவுக்கு பிளக் மாட்டினவன்' என்று என் சித்தப்பா இன்றைக்கும் திட்டுகிறார். என்ன புதுமை செய்தாலும் அடியில் ஓடுவது இடது கட்டைவிரல். அந்தக் கனத்த நாலு தந்தி நின்றால் மேலே ஆடுகிற எதுவும் நிற்காது.

ஜனவரி 20

ஓதித் தண்ணீர் தருகிற மரபூவிடம் போனேன். பலகையில் குர்ஆன் வசனம் எழுதிக் கழுவின தண்ணீரைக் கொடுத்தார். குடித்தேன், விரலில் தடவினேன். மை வாசம்தான் மிச்சம்.

ஜனவரி 24

வழி கிடைத்துவிட்டது.

பாட்டுகளைப் பதிவு செய்தபோது இடது கைக்குத் தனி மைக், வலது கைக்குத் தனி மைக் வைத்திருந்தேன். இடது கை வாசித்தது மட்டும் தனியாகக் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது, முழுப் பாட்டு முழுப் பாட்டாக. அதைக் காலடியில் வைக்கிற பெடல் பெட்டியில் ஏற்றிவிட்டேன். காலால் ஒரு மிதி மிதித்தால் என் பழைய கட்டைவிரல் வாசிக்கிறது. வலது கையும் இடது ஆள்காட்டியும் மேலே ஓடுகின்றன. யார் கேட்டாலும் வித்தியாசம் தெரியாது.

தபாராவிடம் சொல்ல வேண்டாமா? சொன்னால் இந்த சீசனே வேண்டாம் என்பாள். பாணர் வீட்டில் பானைக்குக்கூட வாய் உண்டு, சாயங்காலத்துக்குள் சந்தைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நான் யார்? பாடகியின் புருஷனா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரிகிறது. இருந்தாலும் மறைக்கத்தான் போகிறேன்.

ஜனவரி 30

பேர்சூட்டு விழா ஒன்று. பெடல் கைவிடவில்லை. இளவட்டங்கள் வந்து, "அங்கிள், பேஸ் செம டைட்டா இருந்துச்சு, புது ஸ்டைலா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

வரும்போது வேனில் தபாரா சொன்னாள்: "இன்னிக்கு என் முகத்தையே பாக்கலையே நீங்க. காலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

"செருப்பு கடிச்சுது" என்றேன்.

பிப்ரவரி 8

குஞ்சூரில் சோங்கோ வீட்டுக் கல்யாணம். எழுதாமல் படுக்க முடியாது, எழுதவும் கை வரவில்லை.

தபாரா அந்த வீட்டு முன்னோர் பெயர்களை வரிசையாகப் பாடிக்கொண்டு வந்தாள். எத்தனை முறை பாடியிருக்கிறாள், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்கு மனப்பாடம். பெயர்கள் முடிந்ததும் பாட்டு வேகம் பிடிக்கும். பதிவிலும் அப்படித்தான் இருக்கிறது. கடைசிப் பெயர் ஃபோதே சோங்கோ, பஞ்சத்தில் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட மனிதர். அந்தப் பெயருக்கு முன்னால் அவருடைய மகள் எழுந்துவிட்டாள். சர்ஜோ அம்மா, அந்த வீட்டின் மூத்த அத்தை. தன் தோளிலிருந்த நெசவுத் துணியை எடுத்துக்கொண்டு மெதுவாகத் தபாராவை நோக்கி நடந்து வந்தாள்.

பெரியவள் ஒருத்தி துணியோடு எழுந்து வந்தால் பாட்டு அவள் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். கோரா அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும், பாடுகிறவள் வாயைப் பார்த்துக் காத்திருக்கும். துணி தோளில் விழுந்த பிறகுதான் தகப்பன் பெயர். இது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

பெட்டிக்குத் தெரியாது.

தபாரா பெயரைத் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காலடியில் பெட்டி தன் நேரத்துக்குத் தாவி வேகம் பிடித்தது. இன்னொரு மிதி மிதித்திருந்தால் நின்றிருக்கும். நின்றால் அடியில் மௌனம். என் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் செத்துக் கிடப்பதை ஊரே பார்க்கும். கால் பெடலுக்கு மேலேயே இருந்தது. மிதிக்கவில்லை. தெரிந்துதான் மிதிக்கவில்லை. வலது கை பெட்டியோடு ஓடியது.

தபாரா தடுமாறினாள். பெயரை அவசரமாகப் போட்டாள். "ஃபோதே" என்று ஆரம்பித்தது வேகத்துக்குள் விழுந்து காணாமல் போனது. பெயர் பாதியில் அறுந்தால் ஆளைப் பாதியில் அறுத்த மாதிரி.

சர்ஜோ அம்மா நின்றுவிட்டாள். "எங்கப்பா பேரை முழுங்கிட்டியேடி" என்றாள். கத்தவில்லை. துணியைத் திரும்பத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 9

தபாரா சாப்பிடவில்லை. நான் மீனும் சோறும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12

என்னைக் குற்றம் சொல்வாள் என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அவள் சொன்னது வேறு.

"எனக்குத் தாளம் போயிடுச்சுங்க."

"சே, அதெல்லாம் இல்ல."

"கோரா சரியாத்தான் போச்சு. எல்லாரும் கேட்டாங்களே. நான்தான் எங்கயோ விட்டுட்டேன். எங்க விட்டேன்னே தெரியல, அதுதான் பயமா இருக்கு. எங்கம்மாவுக்குக் கடைசி காலத்துல இப்படித்தான் ஆரம்பிச்சுது."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். "கொஞ்சம் ஓய்வு எடு" என்றுதான் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

பிப்ரவரி 14

சந்தையில் மீன் விற்கிறவள் கேட்டாளாம்: "சோங்கோ வீட்டுல பேரை மறந்துட்டியாமே, வயசாயிடுச்சா உனக்கு?" ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வாரக் கடைசிக் கல்யாணத்துக்கு வேறு பாடகியைக் கூப்பிடச் சொல்லிவிட்டாள் தபாரா.

பிப்ரவரி 15

கொல்லைப்புறத்தில் டிங் டிங் என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். பாடும்போது தட்டுகிற இரும்புத் துண்டை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் படிக்கிற தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தனக்கு இன்னும் வருகிறதா என்று பார்க்கிறாள். ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.

என்ன மனுஷன்டா நீ? விரல் செத்தா விரலோட போகட்டும். அவ தொண்டையையும் சேத்துப் புதைக்கிறியே. போ. எந்திரிச்சுப் போய்ச் சொல்லு.

போகவில்லை.

பிப்ரவரி 17

சொல்லிவிட்டேன். விளக்கம் எதுவும் வரவில்லை. பெடலைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து மிதித்தேன். கல்யாணத்தன்று ஓடியது அப்படியே ஓடியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கேட்டாள். வேகம் பிடிக்கிற இடம் வந்ததும் அவள் முகம் மாறியது.

"கைய காட்டுங்க" என்றாள். காட்டினேன். கோராவை எடுத்து வாசித்தும் காட்டினேன். விரல் மடங்கியது.

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "விரலுக்காக நான் அழுவேன், அது அப்புறம்" என்றாள். "என் புத்தி கெட்டுப்போச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தப்ப, பக்கத்துல உக்காந்து மீன் முள்ளை எடுத்துக்கிட்டு இருந்தீங்களே, அதை என்ன பண்றது?"

துணிமணியைக் கட்டிக்கொண்டு மலாங் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி 18

வீடு காலி. கோராவை உடைத்துவிடலாமா என்று இரண்டு தடவை தூக்கினேன். அப்பா குடைந்த சுரைக்குடுவை. கீழே வைத்துவிட்டேன். உடைக்கக்கூடத் துப்பில்லாதவன்.

பிப்ரவரி 21

மலாங் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பை நிறையக் கோலாக் கொட்டை கொண்டுவந்து வைத்தான், மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கையில் கொண்டுபோவது.

"அக்கா சொல்லச் சொன்னா. ஞாயித்துக்கிழமை குஞ்சூர் போறோம். பேரை எங்க முழுங்குனோமோ அங்கயே திருப்பிப் பாடணும். அன்னிக்கு இருந்தவங்க எல்லாரும் இருக்கணும்."

"என்னால வாசிக்க முடியாதுடா. உன் சித்தப்பா மகன் இருக்கானே, அவனைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

"முழுங்குன கோராதான் வரணுமாம். வேற கோரா வந்தா அது மன்னிப்பு இல்ல, கச்சேரியாம்."

"அடியில யாருடா வாசிக்கிறது?"

மலாங் என் இடது கையைப் பார்த்தான். "மகாராஜா படுத்துட்டாரு. நாலு தந்திக்காரன் வரலாமான்னு கேட்டுச் சொல்லு."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்துபோய்த் தேநீருக்குக் கரி பற்ற வைத்தான்.

பிப்ரவரி 26

குஞ்சூர் போய் வந்தோம். டாக்ஸியில் தபாரா முன்னால் உட்கார்ந்தாள். மடியில் கோராவோடு நான் பின்னால், பக்கத்தில் மலாங்கும் அவன் கிட்டாரும் ஒலிபெருக்கியும்.

கோலாவைச் சர்ஜோ அம்மாவின் காலடியில் வைத்து நான்தான் பேசினேன். பெயரை முழுங்கியது என் மனைவி இல்லை, நான், என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். விரலையும் பெட்டியையும் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது குரல் கிழவன் குரலாக இருந்தது.

சர்ஜோ அம்மா கிட்டாரைப் பார்த்தாள். "இது என்னடா, கோராவுக்கு ஊன்றுகோலா?"

"ஆமா தாயே," என்றான் மலாங். "மச்சானுக்கு விரல் நொண்டி, வாய் மட்டும் நீளம். அந்த வாய் அடங்குனப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாரு." பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சுட்டது, ஆனால் உண்மைதானே.

வாசித்தோம். என் அடித்தந்திகள் நாலும் சும்மா கிடந்தன. அந்த இடத்தில் மலாங் வாசித்தான். தபாரா ஒவ்வொரு பெயராக வந்தாள். கடைசிப் பெயருக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு, பாட்டுக்கு நடுவில், குடிக்கத் தண்ணீர் கேட்டாள்! யாரோ செம்பில் கொண்டுவந்தார்கள். அவசரமே இல்லாமல் குடித்தாள், வாயைத் துடைத்தாள், செம்பைத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மலாங் அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். நானும் பார்த்தேன், பல வாரங்களுக்குப் பிறகு அவள் முகத்தை.

அப்புறம்தான் சொன்னாள். ஃபோதே சோங்கோ. முழுதாக, கடைசி எழுத்து வரைக்கும்.

சர்ஜோ அம்மா வந்து துணியைத் தபாராவின் தோளில் போட்டாள். என்னிடம் திரும்பி, "உனக்கு இல்ல. நீ முழுங்கினவன்" என்றாள். பிறகு என் இடது கையைப் பிடித்து, கட்டைவிரலை நிமிர்த்திப் பார்த்தாள். "வலிக்குதா?"

"இல்ல தாயே."

"அப்ப அழுகைய நிறுத்து."

மார்ச் 2

தபாரா வீட்டுக்கு வந்துவிட்டாள். துணிமூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

மார்ச் 5

இனி எனக்கு அந்த நாலு அடித்தந்தி எதற்கு? இருக்க இருக்கக் கண்ணை உறுத்துகிறது. விரல் திரும்பப்போவதில்லை, இதை எழுதவும் பழகிவிட்டது. அறுத்துவிடலாம் என்று சமையற்கட்டிலிருந்து கத்தியை எடுத்து வந்தேன்.

முற்றத்தில் மலாங் நாளைய கல்யாணத்துக்கு கிட்டாரை என் கோராவோடு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். கனமான தந்தியைத் தட்டினான். என் மடியில் கோரா முனகியது. நான் தொடவில்லை. விரலை எடுத்து அந்த அடித்தந்திமேல் லேசாக வைத்துப் பார்த்தேன், அதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்ததைத் தட்டினான். என்னுடையதில் அடுத்தது அதிர்ந்தது.

உள்ளேயிருந்து தபாரா குரல்: "யாரு, நீங்களா வாசிக்கிறீங்க?"

"இல்ல," என்றேன். "மலாங்."

"ரெண்டு பேரு மாதிரி கேக்குது." பிறகு வாசலில் வந்து நின்று கையை நீட்டினாள். "கத்தியைக் கொடுங்க, வெங்காயம் நறுக்கணும்."

கொடுத்துவிட்டேன்.