கயிற்றை விடு, பிள்ளை

9 ஒக்டோபர் 2024, புதன்

பட்டறையில் இன்று முழுக்க ஒரு பம்போடு மல்லுக்கட்டினேன். மாலை மீட்புப்படகுப் பயிற்சி என்று போனால், காற்று அதிகம், வேண்டாம் என்றுவிட்டார்கள். தொண்டராகச் சேர்ந்து இரண்டு வருடம், இன்னும் எனக்குக் கயிறு சுருட்டுகிற வேலைதான்.

திரும்பும் வழியில் நண்பன் இரத்தினசிங்கம் வீட்டில் தேத்தண்ணி. மகள் துவாரகா சனிக்கிழமையும் லைபிரரியில் கிடந்து படிக்கிறாளாம். "டொக்டருக்குத்தான், மச்சான்." எத்தனை தரம்தான் இதைச் சொல்வான்!

12 ஒக்டோபர், சனி

எழுதினால் மனம் அடங்குமா பார்ப்போம்.

மத்தியானம் அழைப்பு வந்தது. கடல் வற்றியிருந்த நேரம் ஐந்து பேர் குதிரைகளில் லங்லித் தீவுப் பக்கம் போய், திரும்புவதற்குள் பெருக்கு வந்து மணல்திட்டில் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திட்டே தெரியவில்லை. குதிரைகளுக்கு வயிற்றளவு தண்ணீர். ஆட்களைப் படகில் ஏற்றுவது, குதிரைகளைக் கயிற்றில் பிடித்து மெதுவாக நீந்தவைத்துக் கரைக்குக் கொண்டுபோவது - படகோட்டி மொர்டன் சொன்னது அவ்வளவுதான். நான்கு குதிரைகள் அப்படியே வந்தன. ஐந்தாவது, பால்டர் என்று பெயராம், ஆழமான வாய்க்கால் பக்கம் வழுக்கிவிட்டது. அதன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு பெண் கழுத்துவரை தண்ணீரில் நின்றாள். ஹெல்மெட்டுக்குக் கீழே முகத்தைப் பார்த்தேன். துவாரகா.

பிடித்துக்கொள், வருகிறோம் என்று மொர்டன் டேனிஷில் கத்துகிறான். நான் - நான் ஏன் அப்படிச் செய்தேன்? - தமிழில் கத்தினேன். "கயிற்றை விடு, பிள்ளை! விடு!"

விட்டுவிட்டாள். பெரியவர்கள் அதட்டினால் கையில் இருப்பதைப் போட்டுவிடுகிற எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி, யோசிக்காமல் விட்டாள். அவளைத் தூக்கினோம். பால்டர் போய்விட்டது.

படகில் போர்வைக்குள் நடுங்கியபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மாமா, அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ." பதினெட்டு முடிந்தவள், அதனால் வீட்டுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. மீட்கப்பட்டவர்களின் பெயரை நாங்கள் வெளியே சொல்லக்கூடாது என்பது நிலையத்து விதி. ஓம் என்றேன். சனிக்கிழமைகளில் குதிரை லாயம் கூட்டி, அதற்குக் கூலியாகக் குதிரை ஓடுகிறாளாம். லைபிரரியாம், லைபிரரி!

13 ஒக்டோபர், ஞாயிறு

பால்டரைக் காலையில் கரையில் கண்டெடுத்தார்கள். செத்துக் கிடந்ததாம்.

15 ஒக்டோபர், செவ்வாய்

தமிழ்க்கடையில் இரத்தினசிங்கம். செய்தியைப் பார்த்திருக்கிறான். "குதிரையைக் கடலுக்குள்ள கொண்டுபோறதுகள்! வெள்ளையளுக்கு விசர், என்ன?" நான் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். முற்றலையெல்லாம் பைக்குள் போட்டிருக்கிறேன் என்று வீட்டில் மனைவி மரினாவிடம் ஏச்சு வாங்கினேன்.

18 ஒக்டோபர், வெள்ளி

நித்திரை இல்லை. மொர்டன் ஒரு குறையும் சொல்லவில்லை. பெண் உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்றான். போதுமா? நான் கத்தாமல் இருந்திருந்தால் குதிரையும் வந்திருக்குமா? இல்லை, இவளையும் இழுத்துக்கொண்டு போயிருக்குமா? ஆரைப் போய்க் கேக்கிறது?

19 ஒக்டோபர், சனி

இரத்தினசிங்கம் வரச்சொன்னான். பிள்ளை சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடம் போவதில்லை, அறைக்குள்ளேயே கிடந்து அழுகிறதாம். அவன் மனைவி தவமணி குரலைத் தாழ்த்தினாள். "ஆரோ பெடியன், அண்ணை. எனக்கு வடிவாத் தெரியும். ஏமாத்திப்போட்டான்." பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டார்கள். அடுத்த கிழமை லண்டனில் அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள், மிச்சப் படிப்பும் அங்கேதானாம்.

"நீ நாலு இடம் திரியிறனி, மச்சான். ஆர் பெடியன் எண்டு விசாரிச்சுச் சொல்லு."

சிரிப்பதா அழுவதா! தேத்தண்ணியைக் குடித்தேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழைப்பயல் நான்.

20 ஒக்டோபர், ஞாயிறு

நான் ஒருக்கால் கதைத்துப் பார்க்கிறேன் என்று இரத்தினசிங்கத்திடம் சொல்லித் துவாரகாவைக் காரில் துறைமுகப் பக்கம் கூட்டிப்போனேன். நீ சொல்லு, இல்லாவிட்டால் நிலையத்து விதியாவது மண்ணாவது, நான் சொல்லுவேன் என்றேன்.

"பெடியன் எண்டால் அவைக்கு விளங்கும், மாமா. ஏசுவினம், அழுவினம், பிறகு மறப்பினம். குதிரை செத்ததுக்கு அழுறன் எண்டால் என்ன சொல்லுவினம்?"

பிறகு டேனிஷில் ஏதோ தொடங்கி நிறுத்தினாள். "நீங்கள் கத்தின உடனே ஏன் விட்டன் எண்டு தெரியேல்லை."

"விட்டது நீ இல்லை, பிள்ளை. விடச்சொன்னது நான்." அவள் நன்றாக அழுது முடித்துவிட்டு, வீட்டுக்குப் போவோம் என்றாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். தவமணி மகளின் தலையையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். இரத்தினசிங்கம் மகளைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தான். "என்ர பிள்ளை சாகக் கிடந்தவள். அது தெரிஞ்சுகொண்டு என்ர வீட்டில இருந்து தேத்தண்ணி குடிச்சனி." எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பிடித்தான்.

27 ஒக்டோபர், ஞாயிறு

ஃபோன் எடுக்கிறான் இல்லை.

9 நவம்பர், சனி

லண்டன் பயணம் நின்றுவிட்டதாம், மரினா தவமணியிடம் கேட்டு வந்து சொன்னாள். நல்லது. ஆனால் கடைக்குப் போனால் அவன் கார் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். இருந்தால் பயம், இல்லாவிட்டால் ஏமாற்றம். எத்தனை வருடப் பழக்கம்! கோவமெண்டால் வந்து ஏசேன், ஏன் வராமல் இருக்கிறாய்?

30 நவம்பர், சனி

காலையில் ஃபோன் அடித்தது. இரத்தினசிங்கம். சுகம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. பின்னால் குதிரை கனைக்கிற சத்தம் கேட்டது. இரகசியம் பேசுகிற குரலில் கேட்டான்:

"மச்சான், இதுக்கு அப்பிள் குடுக்கிறது எப்பிடி? கடிக்குமோ? பிள்ளையைக் கேக்க வெக்கமாக் கிடக்கு."

எனக்கு மட்டும் என்ன தெரியும்! "உள்ளங்கையை நல்லா விரிச்சுப் பிடி" என்றேன்.

"விரிச்சிருக்கிறன். கிட்ட வருது. ஃபோனை வைச்சிடாதை" என்றான்.