அழகுமலையின் கயிறு

தேவிகுளம்
12-7-1976

அன்பு மகள் சாந்தம்மாளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் மழைக்கால இருமலைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்ததுமே இது வழக்கமாக எழுதித் தரும் கம்பவுண்டர் ஏசுரத்தினம் எழுதியதில்லை என்று தெரிந்திருக்கும். முழுவதும் நானேதான், மூன்று நாளாக எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு.

சந்தோஷமாக எழுதத்தான் ஆசை, ஆனால் வயிறு எரிகிறது. பக்கத்து லயத்து வீட்டு அழகுமலை போன வாரம் தேயிலைத் தோட்டத்து நிழல் மரத்தில் கிளை கழிக்கும்போது கயிறு அறுந்து விழுந்து செத்துப்போனான். கயிறு நைந்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் நானே இரண்டு தரம் சொன்னேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம், நீர் போய்ச் சோலியைப் பாரும் என்றார். நான் ஓடிப்போய்த் தூக்கியபோது அறுந்த துண்டு அவன் இடுப்பில் இருந்தது, அவிழ்த்து மரத்தடியில் போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினால் அதைக் காணோம், மரத்தடியில் புதுக் கயிறு ஒன்று சுருட்டியபடி கிடக்கிறது!

அவன் பெண்சாதி சுருளியம்மாள் மனுக் கொடுத்ததால் தாசில்தார் விசாரணைக்கு வந்தார். சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே கூட வந்த போலீஸ் ஏட்டு மலையாளத்தில் எழுதி முடித்து, மை டப்பாவைத் தள்ளி, பெருவிரலை வையும் மூப்பரே என்றார். முதல்ல படிச்சுச் சொல்லுங்க, அப்புறம் கையெழுத்தே போடுறேன் என்றேன். எந்தா மூப்பரே, பி.ஏ. பாஸாயோ என்று சிரித்தார். தாசில்தார் சிரிக்கவில்லை, மலையாளம் தெரிந்த கம்பவுண்டரைப் படிக்கச் சொன்னார். அழகுமலை குடித்திருந்தானாம், கொடுத்த கயிற்றைக் கட்டாமல் ஏறினானாம், அதை நான் கண்ணால் பார்த்தேனாம்! கருப்பட்டிக் காப்பிக்கு மேல் எதையும் தொடாதவனைப் பற்றி இப்படி எழுத எப்படி மனசு வந்தது? அவன் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் வளர வேண்டுமா?

 அழகுமலையின் கயிறு என்று மேஜைமேல் வைத்திருந்த புதுக் கயிற்றின் நுனியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. முதியோர் வகுப்பில் எழுத்துப் பழகிய ஆசையில், அழகுமலையும் சேர்த்து மரம் ஏறுகிற சிலரின் கயிறுகளில் இரண்டு நுனியிலும் தகரத் துண்டு கட்டியிருந்தேன், அவரவர் பேரின் முதல் எழுத்தை ஆணியால் கீறி. மாட்டுக்கு மணி கட்டுற மாதிரில்ல கட்டுறீரு மாமா என்று கூட மரம் ஏறும் கபிரியேல் கேலி செய்து, தன் கயிற்றைத் தரவில்லை. இந்தக் கயிற்றில் தகரம் இல்லை. இது அவன் கயிறில்லை, அறுந்ததுல மீதி இன்னும் கொம்பிலதான் இருக்கும், ஏறிப் பாருங்க என்றேன். மழையில் ஏறக்கூடாது என்று சூப்பர்வைசர் தடுத்தார். அழகுமலையை ஏற்றிய அன்றைக்கு வெயிலா அடித்தது?

கபிரியேல் ஏறி அவிழ்த்துக்கொண்டு வந்தான். நைந்த கயிற்றின் நுனியில் தகரம் ஆடியது. இது என்ன எழுத்து என்று தாசில்தார் கேட்டார். வெளியே நின்ற எங்கள் முதியோர் வகுப்பு ஆட்கள் அத்தனை பேரும் பாடம் சொல்வதுபோல ஒரே குரலில் அ என்றார்கள். சுருளியம்மாள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

அந்தக் காகிதத்தை அடித்துவிட்டு வேறு எழுதினார்கள். அதையும் படிக்கக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். முடிவு என்னவென்று இன்னும் தெரியவில்லை. லயத்தைக் காலி பண்ண வேண்டிவரும் என்று சூப்பர்வைசர் சொல்லியனுப்பியிருக்கிறார். அம்மா பயப்படுகிறாள். சொன்னது சொன்னதுதான் மகளே, நான் மாற்ற மாட்டேன். அங்கே யார் எதில் கையெழுத்துக் கேட்டாலும் படிக்காமல் போடாதே.

மாரியம்மன் உங்கள் மூவரையும் காப்பாள். பதிலை என் பேருக்கே போடு, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். நேற்று மீதிப்பேர் எல்லாரும் தங்கள் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள், கபிரியேலும்தான். தகரம் வெட்டப் போகிறேன்.

உன் அப்பா
சின்னமுத்து