கூரையைத் தொடாத சுவர்

ஈரச் சீமெந்து வாசம் காலையிலிருந்து மூக்கை விட்டுப் போகவில்லை. உன் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவரை நேற்றுத்தான் கூரைத் தகரம் வரைக்கும் உயர்த்தினார்கள். மேசன் பாஸ் கடைசிக் கல்லை வைத்துப் பூசும்போது நான் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நாம் இரண்டு பேரும் ஒரே வருடத்தில்தான் உக்குவளைக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அறைகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக்குக் கல்யாணம் கட்டி வாழ வந்தோம். அப்போதெல்லாம் சுவர் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போய் நின்றுவிடும். அதற்கும் கூரைக்கும் நடுவே வெறும் சந்து. லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைமார் கல்லை மிச்சம் பிடித்த கஞ்சத்தனம் அது. அந்தக் கஞ்சத்தனத்தில்தான் நாம் குடித்தனம் நடத்தினோம். உன் வீட்டுக் கருவாட்டு வாசம் என் சோற்றுக்கு வரும். நான் புருஷனோடு போடும் சண்டைக்கு உன் பக்கத்திலிருந்து தீர்ப்பு வரும். விடியற்காலையில் யார் அடுப்பில் தண்ணீர் முதலில் கொதிக்கிறதோ, அவள் அகப்பைக் காம்பால் சுவரைத் தட்டுவாள். மற்றவள் பெஞ்சில் ஏறிக் கையை நீட்டினால் சந்து வழியாகத் தேத்தண்ணிக் கோப்பை வரும். நீ கொழுந்து பறிக்க மலைக்கும் நான் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக் காம்பராவுக்கும் ஓடுவதற்குள் அதுதான் நமக்குக் கிடைத்த நேரம்.

என் மகன் டிவி வாங்கிய பிறகு அதை நான் பார்த்தேன், நீ கேட்டாய். வந்து உட்காரடி என்றால், கால் வலி என்று படுத்தபடியே கேட்பாய். ஒரு நாள் உலகத்துச் சுவர்களைப் பற்றிக் காட்டினார்கள். மலை முகட்டில் ஏறி இறங்கும் சீனத்துச் சுவர். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் மண்சுவருக்குப் பெண்கள் கையாலேயே வண்ணம் பூசினார்கள். கடைசியாக, ஜெர்மனியில் ஒரு நகரத்தை இரண்டாக வெட்டிய சுவர். ஒரு பக்கம் முழுக்கச் சித்திரம், மறுபக்கம் வெறும் வெள்ளை. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அந்தப் பக்கம் யாரு புள்ள இருந்தாங்க?" என்று கேட்டாய்.

"அவங்க சொந்தக்காரங்கதான். பொறவு எல்லாருமாச் சேந்து இடிச்சிட்டாங்களாம்."

நீ பாயில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாய்: "நம்ம செவுரு மாதிரி மேல சந்து விட்டுக் கட்டியிருந்தா இடிக்க வேண்டி வந்திருக்காது."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

தோட்டத்து ஆட்களோடு வேன் பிடித்துச் சிகிரியா போனபோதும் உனக்கு அதே கேள்விதான். கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றோம். ஒரு காலத்தில் முகம் தெரியும்படி மெருகேற்றிய சுவர் என்றும், வந்தவர் போனவரெல்லாம் பல நூறு வருடமாக அதில் பாட்டெழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் வழிகாட்டி சிங்களத்தில் சொன்னார். கண்ணை இடுக்கிப் பார்த்தோம். நகத்தால் கீறியது மாதிரி எழுத்துகள். அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று நீ அவரிடம் சிங்களத்திலேயே கேட்டாய். யாருமில்லை, வெறும் பள்ளம்தான் என்று அவர் சிரித்தார். நீ என் காதுக்குள் சொன்னாய்: "அதான் எழுதி வச்சிருக்காங்க. அந்தப் பக்கம் ஆளிருந்தாக் கூப்பிட்டுப் பேசியிருப்பாங்கல்ல."

இப்போது நானும் எழுதுகிறேன்.

பிறகு உனக்கு இருமல் பிடித்தது. காசநோய் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். என் பேத்தி அப்போது கைக்குழந்தை. ஒரு நாள் வேலை விட்டு வந்து பார்த்தால், சுவருக்கு மேலே ஆணி அடித்துச் சாக்கைக் கட்டிச் சந்தை முழுக்க அடைத்து வைத்திருந்தாய்.

"என்னடி இது? கழட்டு! நான் உனக்கு அந்நியமா போயிட்டேனா?"

"கத்தாத புள்ள. அந்தச் சின்னது மூச்சு விடுற காத்தாச்சும் சுத்தமா இருக்கட்டும்."

அதன் பிறகு பேச்சுக் குறைந்தது. சாக்கு உன் குரலைப் பாதி தின்றுவிடும். தட்டுவது மட்டும் நிற்கவில்லை. நான் அகப்பையால் தட்டினால் நீ வளையலால் பதில் தட்டுவாய். தேத்தண்ணியை உன் வாசலில் கொண்டுவந்து வைப்பேன். மருந்தால் இருமல் அடங்கியது, ஆனால் உன் நெஞ்சு தாங்கவில்லை. ஒரு விடியலில் தட்டினேன், பதில் இல்லை. திரும்பவும் தட்டினேன். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து பார்த்தபோது, நீ இந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய்.

உன் சாவு வீட்டன்று சாக்கை அவிழ்த்துவிட்டார்கள். உன் காம்பரா பூட்டிக் கிடந்த காலமெல்லாம் நான் சந்து வழியாக உன்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம் அதைப் புதிதாகக் கல்யாணம் கட்டிய ஒரு சோடிக்குக் கொடுத்தார்கள். மணப்பெண் பலாபத்வல ஊர்ப் பக்கம். முந்தானையைத் திருகிக்கொண்டு வந்து நின்றாள்.

"பெரியம்மா, அந்தச் சந்தை அடைச்சிக்கலாமான்னு கேக்க வந்தேங்க. பேசுறதெல்லாம் கேக்குதுங்க..."

"முடியாது" என்றேன். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டாள்.

"சின்னஞ்சிறுசுங்கம்மா. காலியா கெடந்தப்ப சரி, இனிமே நீங்க அங்கிட்டு யாரு கூடப் பேசப் போறீங்க?" என்றான் மகன். அவன் முகத்தைப் பார்க்காமலே திரிந்தேன். அந்தச் சந்தும் போனால் நீ முழுக்கப் போய்விடுவாய் என்று எனக்குப் பயம்.

பிறகொரு நாள் ஒட்டடை அடிக்கப் பெஞ்சில் ஏறினேன். சுவர் உச்சியில் நீ அடித்த ஆணிகள் துருப்பிடித்து அப்படியே இருந்தன. இதை முதலில் அடைத்தவளே நீதான். அடைத்த அன்றுதான் நீ எனக்கு ரொம்பவும் கிட்டே இருந்தாய். இறங்கி நேரே போய் அந்தப் பெண்ணிடம், சந்தை அடைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஆணியைப் பிடுங்காமல் மேலேயே கல்லை வைக்கும்படி மேசன் பாஸிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் அப்படியே வைத்தார்.

இன்று விடியற்காலை தண்ணீர் கொதித்தது. கை தன்பாட்டில் அகப்பையை எடுத்துச் சுவரைத் தட்டிவிட்டது. தட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

"அந்தப் பக்கம் யாரு?" என்றது ஒரு தூக்கக் குரல்.

சுவரோடு முகத்தை ஒட்டிச் சொன்னேன். "நான்தான் புள்ள. தேத்தண்ணி ஊத்துறேன், வாசப் பக்கமா வா."

நீ போன பிறகும் நான் உன் பங்குத் தண்ணீரைக் குறைத்து வைத்ததில்லை. மிஞ்சுவதை ஆறவைத்து வாசல் ரோசாச் செடிக்கு ஊற்றிவிடுவேன். இன்றைக்கு மிஞ்சவில்லை.